மரகதம் அக்கா தட்டிய ஜாடி

"கை சும்மா கெடக்குது எழிலு."

காலை பத்தே காலுக்கு என் வீட்டு போன் அடித்தால் அது மரகதம் அக்கா. ஹலோ கிடையாது, சாப்பிட்டியா கிடையாது. எடுத்தவுடன் இதுதான். நாலு வருஷம் தினமும் கேட்டேன். சனி ஞாயிறில் போன் வராது, நேரில் வந்து சொல்லுவாள்.

"துணி மடிங்க அக்கா."

"மடிச்சாச்சு."

"சமையல்?"

"ரெண்டு பேருக்கு என்னாத்த சமைக்கிறது? அரை டம்ளர் அரிசி. அது வேகறதுக்குள்ள நான் நாலு தடவை ஜன்னலுக்குப் போயிட்டு வந்துட்டேன். ஒரு மனுஷன் நடந்து போகல இந்த ஊர்ல."

எல்லோரும் காரிலேயே போகிற டெக்சாஸ் ரவுண்ட் ராக்கில் யார் நடப்பார்கள்? ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நான் என் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். மற்றவர்கள் சும்மா இருப்பதற்காக ஏங்குகிறார்கள், இவளுக்கு என்ன கேடு என்று எனக்கு எரிச்சலாகக்கூட வரும். அப்போது எனக்கு அவளைப் பற்றிப் பாதிதான் தெரியும்.

அக்காவுக்கு ஊர் விருத்தாசலம். அங்கே பீங்கான் கம்பெனிகள் வரிசையாக இருக்கின்றன. ஊறுகாய் ஜாடி, ஃப்யூஸ் கட்டை, அகல் விளக்கு, பொம்மை எல்லாம் செய்வார்கள். அதில் ஒரு கம்பெனியில் அக்கா பதினாறு வருஷம் வேலை பார்த்தாள். செக்கிங் செக்‌ஷன். சூளையிலிருந்து வருகிற சரக்கைத் தட்டிப் பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் விரிசல் விட்டதை ஒரு பக்கமும் வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற விரிசலை யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். தெரியாததைக் காதால்தான் எடுக்க வேண்டும். நல்லது கணீரென்று இழுக்கும். விரிசல் விட்டது டப்பென்று அங்கேயே நின்றுவிடும். ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் தட்டுவாளாம்.

கல்யாணம் ஆனது, சபரி பிறந்தான், அப்போதும் வேலையை விடவில்லை. வீட்டுக்காரர் செல்வராஜ் அண்ணன் பக்கத்தில் நெய்வேலியில் இன்ஜினீயர். தொண்ணூற்று நாலில் அவருக்கு டெக்சாஸில் வேலை கிடைத்தது, எல்லோரும் வந்தார்கள். சபரி இங்கே ஹைஸ்கூல் முடித்து காலேஜ் ஸ்டேஷன் என்கிற ஊருக்குப் படிக்கப் போய்விட்டான். அம்மா போன் பண்ணினால், "ஐ'ம் ஃபைன்மா, ஐ ஏட்" என்று, சாப்பிட்டதையும் சேர்த்து, இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொள்வான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அக்காவும் டிஷ்வாஷரும்தான். டிஷ்வாஷரையும் அவள் போட மாட்டாள். இருக்கிற ஒரு வேலையையும் அது பிடுங்கிக்கொள்ளுமாம்.

ஆனால் தட்டுகிற பழக்கம் போகவில்லை. என் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது, காப்பி குடித்து முடித்ததும் மக்கைத் தட்டினாள். அப்புறம் ஷெல்ஃபில் இருந்த எல்லாவற்றையும் தட்டினாள். ஆறில் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து, "இதுல சூடா ஊத்தாத" என்றாள். நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் அது என் வீட்டுக்காரர் செழியன் மடியில் இரண்டாகப் பிளந்தது. இன்னொரு தடவை ஹார்டுவேர் கடையில் வரிசையாக வைத்திருந்த டாய்லெட் ஒவ்வொன்றையும் தட்டிக்கொண்டே போனாள். கடைக்காரன் ஓடி வந்து, மேம், அதில் கனெக்‌ஷன் கிடையாது என்றான். அவன் எதை நினைத்துப் பயந்தானோ!

தொண்ணூற்றெட்டு ஆகஸ்டில் என் கறிவேப்பிலைச் செடிக்குத் தொட்டி வாங்கப் போனோம். ரவுண்ட் ராக்கைத் தாண்டி ஜார்ஜ்டவுன் போகிற வழியில் ஃப்ரீவே ஓரமாக ஒரு தொட்டிக்கடை. மெக்சிகோவிலிருந்து லாரியில் மண் தொட்டிகள் வந்து வெட்டவெளியில் மலை மாதிரி அடுக்கியிருக்கும். முதலாளி ஒஃபேலியா என்கிற அம்மாள், தலையில் வைக்கோல் தொப்பி. செல்வராஜ் அண்ணன்தான் கார் ஓட்டி வந்திருந்தார். நான் ஒரு தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா முப்பது தொட்டியைத் தட்டி விரிசல் விட்ட ஏழு தொட்டியைக் கீழே இறக்கி வைத்துவிட்டாள். ஒஃபேலியா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் தானும் குனிந்து அந்த ஏழையும் தட்டிப் பார்த்துவிட்டு, "யூ வான்ட் எ ஜாப்?" என்றாள். திங்கட்கிழமைதான் லாரி வரும், அன்றைக்கே வா என்றாள்.

க்ரீன் கார்டு அதற்கு முந்தின வருஷமே வந்துவிட்டது, வேலைக்குப் போகச் சட்டத்தில் தடையில்லை. ஒஃபேலியா கூப்பிட்டதும் அக்கா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

காரில் ஏறியதும் ஆரம்பித்தாள்.

"என்னாங்க, அந்தம்மா வேலைக்குக் கூப்புடுது."

"தமாஷுக்குச் சொல்றாங்க."

"மண்டே வரச் சொல்லிச்சு. எழிலு, சொல்லிச்சா இல்லியா?"

"சொன்னாங்க அண்ணா" என்றேன்.

"தட்டிப் பாக்கறதெல்லாம் ஒரு வேலையா மரகதம்? நூறு டிகிரி வெயில்ல, ரோட்டோரத்துல."

"பதினாறு வருஷம் அதுக்குத்தான சம்பளம் குடுத்தான்?"

"அது அப்போ. இங்க ஆபீஸ்ல கேட்டா நான் என்னன்னு சொல்றது? என் வொய்ஃப் பூந்தொட்டி தட்டறான்னா?"

அக்கா அத்தோடு விட்டுவிட்டாள். பேசி என்ன ஆகப் போகிறது? அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. இரண்டு தடவை டெஸ்ட் போய் இரண்டு தடவையும், இரண்டு கம்பத்துக்கு நடுவில் காரை நுழைக்கிற பேரலல் பார்க்கிங்கில் கம்பத்தைச் சாய்த்துவிட்டு வந்தாள். டெக்சாஸில் காரோட்டாத பெண்ணை யாராவது கொண்டு போய் விட்டால்தான் உண்டு. எனக்குக் காலையில் பிள்ளைகளை விடுவதற்கே டேகேர், ஸ்கூல் என்று இரண்டு திசை. அண்ணன் மனசு வைத்தால்தான் தொட்டிக்கடை. அவர் வைக்கவில்லை.

அண்ணன் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். பாத்திரம் தேய்ப்பார், அக்காவை அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. ஒரே ஒரு வியாதி, ஆபீஸில் என்ன நினைப்பார்கள் என்பது. அந்த வியாதி ரவுண்ட் ராக்கில் பாதி பேருக்கு இருக்கிறது, என் வீட்டிலும் இருக்கிறது.

திங்கட்கிழமை பத்தே காலுக்கு போன் வந்தது. "கை சும்மா கெடக்குது எழிலு." அன்றைக்கு மட்டும் நான் துணி மடிக்கச் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரரும் செல்வராஜ் அண்ணனும் ஒரே கம்பெனி. அக்டோபரில் கம்பெனி இரண்டு பேரையும் மூன்று வாரத்துக்கு ஜப்பானில் நகோயாவுக்கு அனுப்பியது. கடைசி வாரம் மனைவிமார் வரலாம், டிக்கெட் உங்கள் செலவு என்றார்கள். விசிட்டர் விசாவில் வந்திருந்த என் மாமியாரிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு நானும் கிளம்பினேன். அக்கா ஒரு பாட்டில் புளிக்காய்ச்சலும் ஒரு சின்ன ரைஸ் குக்கரும் எடுத்துக்கொண்டாள். அந்த வாரம் முழுவதும் நாங்கள் பிழைத்தது அதில்தான்.

அங்கே எங்கள் ஆட்களுக்குக் கஸ்டமர் ஒரு பெரிய கம்பெனி. அதில் கொண்டோ என்று ஒருவர், ஐம்பது வயசிருக்கும், நன்றாக இங்கிலீஷ் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை லேடீஸுக்கு எதைச் சுற்றிக் காட்டட்டும், கோட்டையா, கோவிலா என்று கேட்டார். அக்கா ஓட்டலில் தினமும் டீ கப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். "இதெல்லாம் செய்யற ஊரு எங்க இருக்குன்னு கேளு எழிலு" என்றாள். கேட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். தோக்கொனாமே என்று ஓர் ஊர், ரயிலில் நாற்பது நிமிஷம், தொள்ளாயிரம் வருஷமாகச் சூளை எரிகிற இடம் என்றார். செழியனுக்கு ஜலதோஷம், அறையிலேயே படுத்துவிட்டார். கொண்டோ, செல்வராஜ் அண்ணன், அக்கா, நான், நாலு பேரும் போனோம்.

ஊர் மேடும் பள்ளமும். சந்துகள் ஒரு கார் நுழையாத அளவுக்கு ஒல்லி. வீட்டுச் சுவரெல்லாம் கறுப்புத் தார் பூசிய பலகை. ஓரிடத்தில் ஏற்றப் பாதையின் ஒரு பக்கச் சுவர் முழுக்கப் பழைய மண் குழாய், எதிர்ப்பக்கம் முழுக்கப் பழைய சாராய ஜாடி. விற்காததையும் வீணானதையும் அடுக்கியே மண்சரிவைத் தடுத்திருக்கிறார்கள். கூரைகளுக்கு மேலே ஆங்காங்கே செங்கல் புகைபோக்கி நின்றது. கொண்டோ ஒவ்வொன்றுக்கும் வருஷம் சொல்லிக்கொண்டே வந்தார். அண்ணன் "ஓ, ஐ சீ" சொல்லிக்கொண்டே வந்தார். அக்கா அந்தச் சுவரில் ஒரு ஜாடி விடாமல் தட்டிக்கொண்டே வந்தாள்.

"இதெல்லாம் போனது" என்றாள் என்னிடம். "அதான் சுவத்துல வெச்சுட்டான். நாங்க குப்பையில கொட்டுவோம். இவன் கெட்டிக்காரன்."

மேட்டின் மேல் ஒரு கடை. வாசலில் சின்னச் சாமான், உள்ளே ஜாடிகள். கரும்பழுப்பு நிறத்தில் மூடியோடு, முழங்கால் உயரம், இடுப்பு உயரம். பிளம்ஸ் ஊறுகாய் போடுகிற ஜாடி என்றார் கொண்டோ. கடைக்கார அம்மாள் சின்னத் தட்டில் அந்த ஊறுகாயையே எடுத்துக் கொடுத்தாள். எனக்குக் கண் இருட்டியது, அவ்வளவு உப்பு. அக்கா சப்புக் கொட்டி, "நம்ம நார்த்தங்காய்க்குத் தங்கச்சி" என்றாள்.

அப்புறம் அவள் கை நிற்கவில்லை. நடுவிரலை மடக்கி, முட்டியால், ஒரு வரிசையைத் தட்டிக்கொண்டே போனாள். கணீர். கணீர். கணீர். நான் அண்ணனைப் பார்த்தேன், அண்ணன் கொண்டோவைப் பார்த்தார், கொண்டோ தன் ஷூவைப் பார்த்தார். சுவரில் ஓர் அட்டை தொங்கியது. நாங்கள் விலைப்பட்டியல் என்று நினைத்தோம். தயவுசெய்து தொடாதீர்கள் என்று எழுதியிருந்ததாகப் பிறகு கொண்டோ சொன்னார்.

கடை நடுவில் ஒரு பலகை மேல் தனியாக ஒரு ஜாடி இருந்தது. மற்றதெல்லாம் விற்பதற்கு, அது காட்டுவதற்கு. தோள் பகுதியிலிருந்து பச்சையும் பொன்னுமாகப் பூச்சு உருகி வழிந்திருந்தது. எனக்கே அழகாகத் தெரிந்தது. அக்கா அதைத் தட்டினாள்.

டப்.

"அட, இது போச்சே" என்றாள் சத்தமாக.

கடைக்கார அம்மாள் ஓடி வந்தாள். குனிந்து பார்த்தாள், ஜாடியை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். வழிந்திருந்த பூச்சுக்கு அடியில், வாயிலிருந்து கீழே இரண்டு அங்குலத்துக்கு முடி மாதிரி ஒரு கோடு. அவள் கோபப்படவில்லை. வாயைக் கையால் மூடிக்கொண்டு நின்றாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு மெதுவாக ஏதோ சொன்னாள். கொண்டோ எங்களிடம் திரும்பினார். அவருக்குக் காதெல்லாம் சிவந்திருந்தது.

"மேடத்தின் மோதிரம் பட்டிருக்குமோ என்று கேட்கிறார்கள்."

அக்கா விரலில் நெளி மோதிரம் இருந்தது உண்மை. தட்டியதை நாலு பேரும் பார்த்ததும் உண்மை.

நான் அக்காவிடம் சொல்வதற்குள் அண்ணன் "சோ சாரி, வெரி சாரி, வி வில் பே" என்று இரண்டு தடவை குனிந்துவிட்டார். பர்ஸ் கைக்கு வந்துவிட்டது.

"என்னாங்க பண்றீங்க?"

"சும்மா இரு மரகதம். நம்ம கஸ்டமரோட ஆளு நிக்கறாரு."

"நான் உடைக்கல."

"நீ தட்டினதை நான் பாத்தேன்மா. விடு, குடுத்துட்டுப் போயிடலாம்."

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். கடைக்காரி சந்தேகப்பட்டபோது கூட அவள் முகம் மாறவில்லை. இப்போது மாறியது.

"தட்டினா உடையாது. உடைஞ்சிருந்தாத்தான் தட்டினாத் தெரியும். பத்தொம்பது வருஷம் என் கூட இருந்துட்டு இது தெரியலியா உங்களுக்கு? பர்ஸை உள்ள வைங்க."

"மரகதம்..."

"நீங்க காசு குடுத்தீங்கன்னா நான் உடைச்சேன்னு ஆயிடும். உள்ள வைங்க."

அவர் உள்ளே வைக்கவில்லை, கொடுக்கவும் இல்லை. பர்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "எழிலு, இவருகிட்ட சொல்லு. நான் சுவத்தைப் பாத்து நிக்கறேன். அவங்களையே தட்டச் சொல்லு, அவங்க சாமானை, அவங்க கையால. எது நல்லது, எது போனதுன்னு நான் திரும்பாமச் சொல்றேன். ஒண்ணு தப்பாச் சொன்னாலும் இந்த ஜாடிக்குக் காசு குடுத்துட்டு நான் இந்த மோதிரத்தையும் கழட்டி வெச்சுட்டுப் போறேன்."

மோதிரத்தை விட்டுவிட்டு மற்றதை நான் இங்கிலீஷில் சொன்னேன். கொண்டோ ஜப்பானியத்தில் சொன்னார். கடைக்கார அம்மாள் உள்ளே போய் ஓர் ஆளைக் கூட்டி வந்தாள். அவள் வீட்டுக்காரர். ஜாடியெல்லாம் அவர் செய்ததுதான். முழங்கை வரை மண், இடுப்பில் துணி. அவர் ஜாடியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், திரும்பிப் போய் ஒரு மரத்தட்டில் டீ கப்புகள் கொண்டு வந்தார். பன்னிரண்டு. கூடவே பென்சில் மாதிரி ஒரு குச்சி. குச்சியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இவரும் தட்டுகிற ஜாதிதான்.

அக்கா கறுப்புப் பலகைச் சுவரைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். புடவைக்கு மேல் போட்டிருந்த என் ஸ்வெட்டர் அவளுக்குக் கொஞ்சம் சின்னது. அவர் தட்டினார்.

"நல்லது" என்றாள். அடுத்தது. "நல்லது." அடுத்தது. "இது போச்சு."

நான் "பேட்" என்றேன். கொண்டோ அவர்கள் பாஷையில் சொன்னார். அந்த மனிதர் அந்தக் கப்பைத் தனியே எடுத்து வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகுதான் சொன்னார், அதை அவரே வேண்டுமென்று கலந்து வைத்தாராம்.

நாலு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு எல்லாம் நல்லது. ஒன்பதாவதைத் தட்டியதும் அக்கா தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி தட்டச் சொல்லு."

தட்டினார்.

"போச்சு."

அவர் குச்சியை வைத்துவிட்டு இல்லையென்று தலையை ஆட்டினார். நல்ல கப் என்றார். அதை ஜன்னலருகில் கொண்டு போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைக்கார அம்மாளும் பார்த்தாள். கொண்டோ பார்த்தார், நான் பார்த்தேன். கோடு கிடையாது, ஒன்றும் கிடையாது. அண்ணன் பர்ஸைத் திறக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

"மை இருக்கான்னு கேளு" என்றாள் அக்கா, சுவரைப் பார்த்தபடியே. "தடவிட்டு ஈரத் துணியால தொடைக்கச் சொல்லு."

விருத்தாசலத்தில் சந்தேகம் வந்தால் ஊதா மைத் தண்ணீரில் முக்கி எடுப்பார்களாம். கடைக்கார அம்மாளிடம் விலைச்சீட்டு எழுதுகிற மையும் பிரஷும் இருந்தது. கப்பின் உட்பக்கம் வெள்ளைப் பூச்சு. அதில் தடவினாள், துடைத்தாள். எல்லாம் போய்விட்டது, ஒரு கோட்டைத் தவிர. அடியிலிருந்து பாதி உயரம் வரைக்கும், கண் இமை முடி அளவுக்குக் கறுப்பாக ஒரு கோடு.

மீதி மூன்றை அவர் தட்டவே இல்லை. நேராகப் போய் அந்தப் பெரிய ஜாடிக்குள் கையை விட்டார். விரல் நகத்தால் அந்தக் கோட்டை மேலிருந்து கீழே தடவினார், திரும்ப ஒரு தடவை தடவினார். கையை எடுத்துவிட்டுக் கொண்டோவிடம் சொன்னார்.

கொண்டோ எங்களுக்குச் சொன்னது இது. கோட்டின் ஓரம் வழவழப்பாக இருக்கிறது. பூச்சு உருகி அதற்குள் ஓடியிருக்கிறது. இன்றைக்கு விட்ட விரிசலாக இருந்தால் ஓரம் கத்தி மாதிரி கீறும். இது சூளைக்குள்ளேயே விட்டது. மேடத்தின் மேல் தப்பில்லை.

நான் அக்காவிடம் தமிழில் சொன்னேன். "அதத்தான நான் அப்போலேர்ந்து சொல்றேன்" என்று திரும்பினாள்.

அவர் குனிந்து கும்பிட்டார். கடைக்கார அம்மாள் அவரைவிடக் கீழே குனிந்தாள். அக்காவும் குனிந்தாள். இந்த ஊரில் யார் முதலில் நிமிர்வது என்று தெரியாமல் மூன்று பேரும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்கள். நிமிர்ந்ததும் அக்கா ஒன்று கேட்டாள்.

"இதை மட்டும் ஏன் தட்டிப் பாக்கல அவரு?"

கொண்டோ கேட்டுச் சொன்னார். அந்தச் சூளையில் வந்த எல்லாவற்றையும் தட்டினாராம், இதைத் தவிர. ரொம்ப அழகாக வந்திருந்ததாம்.

அக்கா சிரித்துவிட்டாள். "எங்க சூப்பர்வைசரும் இப்படித்தான். அழகா இருந்தா விட்டுடுவாரு. நான் அதைத்தான் மொதல்ல தட்டுவேன்."

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பின்கட்டில் முந்தாநாள் சூளையிலிருந்து இறக்கிய சரக்கு அலமாரி நிறைய இருந்தது. அவர் அதைக் காட்டினார். அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். போனவள் வரவில்லை. கொண்டோவுக்கு அடுத்த இடம் பார்க்க வேண்டும். "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க, எனக்கு இங்க வேலை இருக்கு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அந்த ஊரைப் பார்க்கவேண்டுமென்று எங்களை இழுத்துக்கொண்டு வந்தவள், அந்த ஊரில் பார்த்தது ஒரு கடையின் பின்கட்டு மட்டும்தான்.

மேட்டில் ஏறினாற்போலக் கட்டிய ஒரு பழைய சூளையை நானும் அண்ணனும் கொண்டோவோடு போய்ப் பார்த்தோம். ஒன்றுக்கொன்று உயரம் வேறான பத்து புகைபோக்கி. கொண்டோ டிக்கெட் மாதிரி ஏதோ வாங்கப் போன நேரத்தில் அண்ணன் அவற்றை எண்ணினார். எண்ணி முடித்துத் திரும்ப எண்ணினார்.

"பர்ஸை எடுத்திருக்கக் கூடாது, இல்ல எழில்?"

"கூடாதுண்ணா."

"கஸ்டமரோட ஆளு முன்னாடி..."

"கஸ்டமர் அடுத்த வருஷம் வேற ஆளா இருப்பாங்க அண்ணா."

அவர் மூன்றாவது தடவை எண்ண ஆரம்பித்தார்.

இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தோம். அக்கா ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவர்கள் கொடுத்த துணி. இடது பக்கம் நல்ல கப்புகள் நிறைய, வலது பக்கம் போனது பத்துப் பன்னிரண்டு. அந்த மனிதர் எதிரே உட்கார்ந்து அவரும் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தார். அவர் ஒன்றைத் தட்டிவிட்டு அக்காவைப் பார்ப்பார். அக்கா தலையாட்டுவாள், இல்லாவிட்டால் உதட்டைப் பிதுக்குவாள். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. கொண்டோவையும் என்னையும் யாரும் கூப்பிடவில்லை. அண்ணன் நிலைப்படியில் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். போட்டோ எடுக்கலாமா என்று நான் கேட்டதற்கு வேண்டாம் என்று கை காட்டினார்.

ரயிலில் கொண்டோ தூங்கிவிட்டார். நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். அக்கா நகத்திலிருந்த மண்ணைத் தீக்குச்சியால் எடுத்துக்கொண்டே பேசினாள்.

"என்னாங்க."

"ம்."

"ஊருக்குப் போனதும் வர்ற மண்டே என்னை அந்தத் தொட்டிக்கடைக்குக் கொண்டு போய் விடுங்க."

அவர் ஜன்னலைப் பார்த்தார். "வெயிலா இருக்குமே."

"குடை இருக்கு."

"காலைல எட்டு மணிக்கு நான் ஆபீஸ்ல இருக்கணும்."

"ஏழுக்கு விடுங்க. வாசல்ல ஒக்காந்திருக்கேன்."

"ஆபீஸ்ல..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"நீங்க பர்ஸை எடுத்தீங்க பாருங்க, அது எனக்கு மறக்காது" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. புளி வாங்கணும் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "மறந்துட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா விட்டுட்டு வாங்க. அது போதும்."

"ஆறே முக்காலுக்குக் கெளம்பணும்" என்றார் அவர்.

அந்தத் திங்கட்கிழமை பத்தே காலுக்கு என் வீட்டு போன் அடிக்கவில்லை. பழக்க தோஷத்தில் நான் சிங்க் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

இது நடந்து மூன்று வருஷமாகிறது. வாரத்தில் மூன்று நாள் என்று ஆரம்பித்தது இப்போது ஐந்து நாள். லாரி வந்தால் அக்கா தட்டாமல் ஒரு தொட்டியும் விற்பனைக்குப் போகாது. அந்த நிபந்தனையை ஒஃபேலியாவே பலகையில் எழுதி வைத்திருக்கிறாள். கார் ஓட்டவும் அக்கா அங்கேதான் கற்றுக்கொண்டாள். பெரிய தொட்டிகளை இரண்டு பக்கமும் வைத்து நடுவில் பேரலல் பார்க்கிங் செய்ய வைத்தாள் ஒஃபேலியா. மூன்று தொட்டி போனது. சம்பளத்தில் பிடிக்கவில்லை, ஆனால் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். செல்வராஜ் அண்ணன் சனிக்கிழமைகளில் போய்த் தொட்டி தூக்குகிறார். ஆபீஸ் ஆட்கள் நாலைந்து பேர் வந்து வாங்கிப் போனார்களாம். ஒருவரும் ஒன்றும் நினைக்கவில்லை, தள்ளுபடி உண்டா என்று மட்டும் கேட்டார்களாம்.

நம் ஆட்கள் நீங்கள் வாராவாரம் டாலஸுக்கும் அதை ஒட்டின காப்பெலுக்கும் எழுபது மைலில் பறக்கிறீர்கள். ரவுண்ட் ராக் தாண்டியதும் வேகத்தைக் குறைத்து, ஜார்ஜ்டவுன் வருவதற்கு முன், ஃப்ரீவேயை ஒட்டி ஓடுகிற ஃப்ரண்டேஜ் ரோட்டில் இறங்குங்கள். வலது பக்கம் மண் தொட்டி மலை தெரியும், நடுவில் ஒரு பச்சைக் குடை தெரியும். குடைக்கடியில் இருப்பவள் மரகதம் அக்கா. அவள் ஒதுக்கி வைத்த தொட்டியை விலை குறைத்துக் கேட்காதீர்கள், கொடுக்க மாட்டாள். போகும்போது உங்கள் வீட்டுக் காப்பி மக்கையும் கொண்டு போங்கள். தட்டிப் பார்த்துச் சொல்லுவாள். வேலை நேரத்தில் அவளுக்கு உங்களோடு பேச நேரமிருக்காது. இருந்தாலும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.